கழுத்துப் பட்டன்

கலை எனக்குக் கொசு வழியாகத்தான் வந்தது. சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அப்போது நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். டெங்கு விழிப்புணர்வு நாடகம் போடுவதற்காக வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துக்கு எங்களைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர், பஞ்சாயத்துத் தலைவர், குழந்தையின் தாய் என்று நல்ல வேடங்களெல்லாம் சிவப்பாகவும் சதைப்பிடிப்பாகவும் இருந்தவர்களுக்குப் போய்விட்டன. நான் கறுப்பு, ஒல்லி, கைகால் நீளம். என்னை மேலும் கீழும் பார்த்த ஒரு மேடம், "கொசுவுக்கு வெளியில தேட வேணாம்" என்றார். வகுப்பே சிரித்தது. கொசுவலையைக் கிழித்து, கம்பியில் கட்டி, என் முதுகில் இறக்கையாக மாட்டினார்கள். நல்ல கொசுவலையை வீணடித்துக் கொசு செய்கிறோமே என்று அங்கே ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

எனக்கு வசனம் கிடையாது. சுற்றிப் பறந்து, குழந்தையைக் கடித்து, புகைமருந்தில் விழுந்து சாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விழுந்த பிறகு எனக்கு உடனே சாகப் பிடிக்கவில்லை. ஒரு காலை இழுத்தேன். ஒரு இறக்கையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "பாவம்டி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கொசுவைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் வேடம் போட்டவள் தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பதைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, கூட்டம் முழுக்கச் செத்துக் கிடந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷத்தில் நடுங்கினேன்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய பள்ளிக்கூட அறையில் கூடி நாடகம் பழகும் கூட்டம் ஒன்று இருந்தது. குரு கிரு என்று யாரும் இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். ஒருவர் செய்வதை மற்றவர்கள் பார்த்து, பொய்யாக இருந்தால் முகத்துக்கு நேரே "பொய்" என்று சொல்வார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: பார்க்காததைச் செய்யாதே. ரெக்கார்டு தாள் வாங்கப் போவதாக விடுதியில் பொய் சொல்லிவிட்டு, நிஜத்தைக் கற்றுக்கொள்ள நான் அங்கே போய்வந்தேன்.

படிப்போ லேசுப்பட்டதல்ல. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, சாயங்காலம் ரெக்கார்டு. ஒரு நோயாளிக்கு ஒரு கேர் பிளான், ஒரு மருந்துக்கு ஒரு பக்கம். அடித்தல் திருத்தல் இருந்தால் மேடம் பக்கத்தோடு கிழித்துக் கையில் கொடுப்பார். அத்தனையும் இங்கிலீஷில். நான் குத்தாலம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவள். எங்கள் தெருவில் இருந்து முதலில் நர்சிங் சீட்டு வாங்கியவள் நான். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நின்று அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். நான் படித்து முடித்தால் அந்தக் கால் காயும். என் படிப்புக்கு அதற்கு மேல் காரணம் தேவையில்லை. ஆனால் நாடகத்தை விடச் சொன்னால் என்னைப் பாதியாக அறுத்துப்போடு என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டும் வேண்டும் எனக்கு. இரண்டையும் எப்படியாவது பிடித்துக்கொண்டுவிட வேண்டும் என்பதுதான் அந்த வருடங்களில் எனக்கு ஒரே கவலை.

வார்டில் நாடி பார்க்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதில் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலி இருக்கிறவர் கட்டிலில் உட்காரும் விதம், வயிறு வீங்கியவர் செருப்பைத் தேடும் விதம், ஆஸ்பத்திரிக்கு வந்தும் பிள்ளைகளிடம் அதிகாரம் பண்ணும் கிழவரின் புருவம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வேன். விடுதி அறைக்கு வந்து தோழிக்குச் செய்துகாட்டுவேன். தோழி என்றால் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பட்டுக்கோட்டைக்காரி, தேங்காய் மண்டிக்காரர் மகள். குண்டு, நல்ல குரல், வாய் ஓயாது. அவளையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னைவிட அவள் கெட்டிக்காரி என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தக் கூத்தில், குழந்தைகள் நலப் பாடத்தின் இன்டர்னல் தேர்வில் மண்ணைக் கவ்வினேன். எங்கள் முதல்வர் மேடம் சத்தம் போடாத மனுஷி. எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அவர் "கண்ணு" என்றால் யாருக்கோ சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். என்னை வகுப்பின் முன்னால் கூப்பிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து அந்தக் கொசு இறக்கையைக் கொண்டுவரச் சொன்னார்.

"மாட்டிக்க கண்ணு. இன்னைக்குப் பூரா இதோடயே நில்லு. எல்லாரும் பாக்கட்டும், நீ எதுக்குப் படிக்க வந்தேன்னு."

வகுப்பு வாசலில் இறக்கையோடு நின்றேன். போகிற ஜூனியர்கள், வருகிற ஜூனியர்கள், தண்ணீர் கேன் போடுகிற ஆள், எல்லோரும் பார்த்தார்கள். சாப்பிடப் போகும்போதும் கழற்ற அனுமதி இல்லை. மெஸ்ஸில் ஒருத்தி கையைத் தட்டிக் கொசு அடித்தாள், பெரிய நகைச்சுவை. முதல்வர் தன் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. அழுதால் அதையும் பார்ப்பார்கள் என்பதால் அழவில்லை. சாயங்காலம் இறக்கையைக் கழற்றியபோது கம்பி குத்திய இடத்தில் ரத்தம் வந்திருந்தது. தோளில்தான், தோழி மருந்து வைத்தாள். இனி எந்த நாடகத்திலும் என் பெயர் இருக்கக்கூடாது என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். அறுவடைக் காலத்தில் வேலை இருக்கும். இல்லாத காலத்தில் கிடைத்ததைச் செய்வார். குடிப்பார். ஊரில் எல்லோர் அப்பாவும்தான் குடிக்கிறார்கள், அதில் விசேஷம் இல்லை. விசேஷம் வேறு. மற்றவர்கள் குடித்தால் கெட்டுப்போவார்கள். எங்கள் அப்பா குடித்தால்தான் நல்லவர். குடிக்காத அப்பா வாயைத் திறந்தால் "ஏய்". அம்மா சாப்பிட்டாளா, பட்டினி கிடக்கிறாளா என்று ஏறிட்டும் பார்க்க மாட்டார். தட்டை நகர்த்துவார், எழுந்து போவார். குடித்த அப்பா வாசலில் நின்று, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிக் கட்டி, சட்டையின் கழுத்துப் பட்டனைத் தட்டுத்தடுமாறிப் போட்டுக்கொண்டு, "வரலாமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் சொந்த வீட்டுக்குள் நுழைவார். தள்ளாட மாட்டார். தள்ளாடிவிடக் கூடாது என்று ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைப்பார். நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து, அம்மாவை உட்காரச் சொல்லி, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். "போதுங்களா, இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்பார். அந்தச் சோறு அம்மா நடவுக்குப் போய்ச் சம்பாதித்தது. அவர் சம்பாதித்ததைத்தான் அவர் குடித்துவிட்டாரே. அம்மா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள்.

விடுதிக்கும் ஒருமுறை அப்படி வந்தார், பார்வையாளர் நேரத்தில். நானும் தோழியும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று கைலியை இறக்கிக் கட்டி, கழுத்தருகே தட்டுத்தடுமாறிவிட்டு, வாட்ச்மேனிடம் "ஐயா, உள்ள வரலாமுங்களா" என்று கேட்டார். கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. அதைப் பார்த்த உடனே குடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பரோட்டா வாங்கிவந்திருந்தார். மரத்தடிப் பெஞ்சில் என்னை உட்காரவைத்து, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாப்புடுங்கம்மா. படிக்கிற புள்ளைங்க நல்லா சாப்புடணும்." சுற்றி இருந்த பெண்கள் உருகிப்போனார்கள். பெற்ற பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் அப்பாவைப் பார்த்ததே இல்லை என்றார்கள். நான் ஒவ்வொரு வாயையும் விழுங்க முடியாமல் விழுங்கினேன். தோழி மட்டும் பக்கத்தில் நின்றாள்; அவளுக்கு வாடை தெரிந்திருக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

மூன்றாம் வருடத்தில் குடிக்கு எதிரான விழிப்புணர்வு நாடகம் என்று வந்தது. முதல்வர் மற்றவர்களை வைத்து ஒருமுறை பார்த்திருக்கிறார், சகிக்கவில்லையாம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த ஒரு நாடகத்தை நான் போட்டுக் கொடுக்கலாம், ஆனால் இன்னும் ஒரு இன்டர்னலில் தோற்றால் நாடகமும் கிடையாது, அம்மாவை வரவழைத்து அவள் முன்னால் பேசவேண்டியிருக்கும் என்றார். சேற்றுக்காலோடு அம்மா அந்த அறையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சரி என்றேன். அதன்பிறகு சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் மனநலச் செவிலியர் பாடத்தை ஒப்பித்தேன். மீதி நேரத்தில் நாடகம்.

கதை ஒன்றும் பெரிதில்லை. குடிகாரன் வீட்டுக்கு வருகிறான், பெண்ணை அடிக்கிறான், ரத்தவாந்தி எடுத்துச் சாகிறான், எல்லோரும் வரிசையாக நின்று கோஷம் போடுகிறோம். குடிகாரன் தோழி, மகள் நான். ஒத்திகையில் தோழி சினிமாக் குடிகாரனைச் செய்தாள். ஒரு கையில் பாட்டில், தொங்கிய நாக்கு, தள்ளாட்டம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இது பொய், ஊருக்குள் இருக்கிறவர்களுக்குக் குடிகாரனைத் தெரியும், அவர்களிடம் போய்ப் பொய்யைக் காட்டாதே, நிஜமாகக் குடித்தவரைப் பார்த்துச் செய் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். சரி என்றாள்.

நாடகம் அதே வலங்கைமான் பக்கத்து ஊரில், நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில். அறுவடை நேரம். தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மூட்டை தூக்குபவர்கள், அறுவடைக்கு வந்த பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். எனக்கான இடத்தில் மகளாக உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தோழி உள்ளே வந்தாள். பாட்டில் இல்லை. தள்ளாட்டம் இல்லை. வாசல் என்று நாங்கள் கோடு போட்டிருந்த இடத்தில் நின்றாள். கைலியை இறக்கிக் கட்டினாள். இரண்டு கையாலும் கழுத்துப் பட்டனைத் தேடி, தவறவிட்டு, மறுபடி தேடிப் போட்டாள்.

"வரலாமுங்களா?"

புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். தட்டை எடுத்து வைத்தாள். காலிப் பானையில் கையை விட்டு, இல்லாத சோற்றை அள்ளி என் தட்டில் போட்டாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சாப்புடுங்கம்மா. போதுங்களா?" என்றாள். என் அப்பா. அப்படியே என் அப்பா. எழுந்து அவளை அறைந்திருக்கலாம். ஓடிப்போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் காலித் தட்டிலிருந்து இல்லாத சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். விழுங்க முடியாமல் விழுங்கினேன். ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூட்டை தூக்குகிற ஆண்கள் சிலர் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அடிக்கிற காட்சிக்கும் ரத்தவாந்திக்கும் நாங்கள் போகவே இல்லை. கோஷமும் போடவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

"பொய்யா இருந்துச்சாடி?" என்றாள்.

வெளியே பார்த்தேன். வயல்களில் அறுப்பு மெஷின் போய்க்கொண்டிருந்தது. அவள் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது. அந்த ஆத்திரத்தையும் மீறி ஒன்று என்னை உறுத்திக்கொண்டிருந்தது. "சோறு போட்டுட்டு நிக்கிறப்ப எங்கப்பா கையக் கட்டிக்கிட்டு நம்மளப் பாக்க மாட்டாரு. தட்டப் பாப்பாரு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

அந்த நாடகம் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கியது. தோழி தட்டைத்தான் பார்த்தாள். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்ட முதல்வர் புகைப்படத்துக்கு என் தோளில் கை போட்டார், கம்பி குத்திய அதே தோளில். அதோடு பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கியது. நான் நாடகத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு, இனி தேர்வு முடியும்வரை புத்தகம் தவிர வேறில்லை என்று உட்கார்ந்தேன். அப்போது பெற்றோர் தினம் வந்தது. கோப்பை வாங்கிய நாடகத்தைப் பெற்றோர்கள் பார்க்க வேண்டுமாம். பாடம் நிறைய இருக்கிறது, தேர்வு முடியட்டும் மேடம் என்று கெஞ்சினேன். படிப்பைக் காட்டி நாடகத்தைப் பிடுங்கிய அதே வாய் சொன்னது:

"படிப்பு எப்ப வேணா படிக்கலாம் கண்ணு. கலை எல்லாருக்கும் வராது. ஹால் டிக்கெட் என் கையெழுத்துலதான் வரும், ஞாபகம் வெச்சுக்க."

அம்மாதான் வருவதாக இருந்தது. அதனால்தான் நான் அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. அம்மா பார்த்தால் புரிந்துகொள்வாள், அழுவாள், என்னைத் திட்டுவாள், அதோடு போகும் என்று நினைத்தேன். அன்றைக்கு அவளுக்கு நடவு வேலை வந்துவிட்டது. விட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்பா வந்தார். திரையின் ஓரத்திலிருந்து பார்த்தேன். நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, வேட்டி. கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. ஆனால் குடித்திருக்கவில்லை, கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியும். பெரிய இடத்துக்கு வருகிறோம் என்று போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தோழியும் பார்த்துவிட்டாள். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய மாதிரி தள்ளாடிவிடவா என்று கேட்டாள். பாட்டில் கூட எடுத்து வைத்திருந்தாள். தள்ளாடு, நாக்கைத் தொங்கப்போடு, என்ன வேண்டுமானாலும் செய், பட்டன் பக்கம் மட்டும் போகாதே என்றேன். சத்தியம் செய்தாள்.

சொன்னபடியே செய்தாள். பாட்டிலோடு தள்ளாடி வந்தாள், கோட்டில் தடுக்கி விழுந்தாள், அரங்கம் அதிரச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டிச் சிரித்தார். முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெட்டது எங்கே என்றால் என் முகத்தில். அந்தப் பொய்க்கு எதிரே மகளாக உட்கார எனக்கு வரவில்லை. வசனம் வரவில்லை. புத்தகத்தைப் புரட்ட முடியவில்லை. நாடகம் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டுத் தோழியையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ. நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, தலையும் அசைக்கவில்லை. அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். பின்வாங்கிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். கைலியை இறக்கிக் கட்டினாள். கை கழுத்துக்குப் போனது.

சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு எங்களைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது. களத்தில் செய்ததைவிட, கோப்பை வாங்கிய மேடையில் செய்ததைவிட, அன்று இருவரும் நன்றாகச் செய்தோம். இல்லாத சோறு தட்டில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் விழுங்கிக்கொண்டே அப்பாவைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. தோழி "போதுங்களா, இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்றபோது அவர் கை மெதுவாக மேலே வந்தது. தன் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, நாடகம் முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பு முழுக்க அந்தப் பழைய சந்தோஷ நடுக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது முழுக்கப் பொய்.

பெற்றோர்களுக்கு மதியச் சாப்பாடு மெஸ்ஸில். அப்பா இலையையே பார்த்துச் சாப்பிட்டார். தோழி ரசம் ஊற்ற வந்தாள். இலையோரம் சிந்திவிட்டாள். அவளை நிமிர்ந்து பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். பட்டுக்கோட்டை என்றாள். "நல்லா இருந்துச்சு" என்றார். கை கழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை, குடிக்காதபோது.

தேர்வு விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அப்பா கொள்முதல் நிலையத்திலிருந்து பொழுது சாயும் நேரத்தில் வந்தார். குடித்திருந்தார், அந்த வாடை எனக்கு மறக்காது. வாசலில் நிற்பார் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. சட்டை திறந்து கிடந்தது. நேராக உள்ளே வந்தார், அடுப்படிப் பக்கம் போகவில்லை. சுவரோரம் பாயை விரித்து, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். அம்மா அவருக்கு ஒரு தட்டில் போட்டு மூடி வைத்தாள். தனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய்கூட எடுக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். காலேஜுக்கு வந்துவிட்டுப் போன அன்றிலிருந்து என்றாள். நாடகத்தில் என்ன காட்டினோம் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பட்டனை, தட்டை, காலிப் பானையை. ஊரே அழுததையும் சொன்னேன். அம்மா அழவில்லை.

"குடிய விட்டிருந்தாருன்னா உங்க நாடகத்துக்கு நானே மாலை வாங்கிப் போட்டிருப்பேன்டி. குடிய விடல. எனக்குச் சோறு போடுறத மட்டுந்தான் விட்டிருக்காரு."

அப்பா தூங்கவில்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. நான் அம்மாவின் தட்டை வாங்கி, குழம்பு ஊற்றிப் பிசைந்து நீட்டினேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வுக்குத் திரும்பிவிட்டேன். மனநலச் செவிலியர் தாளில் குடிநோயாளியின் குடும்பத்தாருக்குச் சொல்லவேண்டிய ஆலோசனைகளை எழுதச் சொல்லி ஒரு பெரிய கேள்வி வந்தது. நன்றாகப் படித்திருந்தேன். முதல் ஆலோசனை, நோயாளியைப் பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பது. அதை அழகான கையெழுத்தில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். அந்தப் பாடத்தில் எங்கள் கல்லூரியிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான் கிடைத்தது.